கருவாட்டு வாசம் அடிக்கிற மாத்திரை

இலங்கை மலையகத்துக்குக் கணினிப் பார்வை, அதாவது கெமராவில் பட்டதை இன்னதென்று இயந்திரமே கண்டுபிடிக்கிற வித்தை, வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கண் தெரியாதவர்களுக்காக வரவில்லை. தேயிலையில் தண்டு பொறுக்க வந்தது.

ஸ்டோருக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். (வெளியூர்க்காரர்களுக்கு: ஸ்டோர் என்றால் இங்கே தேயிலைத் தொழிற்சாலை, கடை இல்லை.) காய்ந்த தூளை ஒரு கட்டத்தில் பெரிய பெட்டி ஒன்றுக்குள் விடுவார்கள். கலர் சோர்ட்டர் என்று பெயர். மேலே கொட்டினால் சரிவான தகட்டில் மெல்லிய படலமாக வழுக்கிக்கொண்டு வரும். தகடு முடிந்து அந்தரத்தில் விழுகிற கணத்தில் கெமராக்கள் ஒவ்வொரு துகளையும் பார்க்கும். கறுப்பு என்றால் விட்டுவிடும். செம்பழுப்பாகத் தண்டு, நார் என்று பட்டால் அதற்கு நேரே இருக்கிற சின்னத் துளையிலிருந்து காற்று 'டப்' என்று ஊதி வேறு பக்கம் தள்ளிவிடும். ஓடும்போது பக்கத்தில் நின்றால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரிச் சத்தம்.

அதற்கு முன்னால் அது பெண்களின் வேலை. என் பெரியம்மா பல வருடம் குந்தியிருந்து தண்டு பொறுக்கியவர். பெரியப்பாவும் அதே ஸ்டோர்தான், ரோலரிலும் சலிப்பிலும். தூள் எந்தத் தரம், பி.ஓ.பி.யா, பி.ஓ.பி.எஃப்.பா, டஸ்டா என்று ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்கு இடையில் தேய்த்தே சொல்வார். அந்தப் பெட்டி வந்த புதிதில் அவர் அதை மதிக்கவில்லை. "அது நல்ல தூளையும் சேத்துத்தானே ஊதுது" என்பார்.

அவர் சொன்னது சரி. அந்தப் பெட்டியில் ஒரு திருகாணி மாதிரி ஏற்பாடு உண்டு. கூர்மையைக் கூட்டினால் தண்டு ஒன்றும் தப்பாது, கூடவே நல்ல இலையும் கொஞ்சம் வெளியே போகும். போகட்டும், தள்ளியதை எடுத்து இன்னொரு முறை விட்டால் சரி. சந்தேகம் வந்தால் தள்ளு, பிறகு பார்த்துக்கொள்ளலாம். தேயிலைக்கு அந்தச் சலுகை இருக்கிறது. பெரியப்பாவின் போனில் இருக்கிற கெமராவுக்கு அது இல்லை. என் முறைப்பாடு அவ்வளவுதான், மீதியெல்லாம் அதைச் சுற்றி நான் அலைந்த கதை.

பெரியப்பாவுக்குக் கண் போனது திடீரென்று இல்லை. ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. நேரே பார்த்தால் எல்லாம் தெரியும், பக்கத்தில் வருகிறவர் தெரியாது. ரோட்டோரக் கானில் (வடிகாலில்) இரண்டு தடவை கால் விட்டுவிட்டு, வயசு என்று நினைத்துக்கொண்டார். கண்ணுக்குள் பிரஷர் என்று டாக்டர் சொன்னபோது நேரமாகிவிட்டது. கண்தானத்தில் பேர்பெற்ற நாடு இது. ஹட்சன் சில்வா 1961-இல் தொடங்கிய சங்கம் எத்தனையோ நாட்டுக்கு விழிவெண்படலம் அனுப்பியிருக்கிறது. "அப்ப எங்களுக்கும் ஒண்ணு போடலாந்தானே" என்று பெரியம்மா கேட்டார். முன்னால் இருக்கிற கண்ணாடி கீறல் விழுந்தால் மாற்றலாம், உள்ளே வயர் கருகிவிட்டால் மாற்ற முடியாது என்று நான் விளக்கினேன். இப்போது வலது கண்ணில் ஒன்றும் இல்லை. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்.

2018-இல் நான் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். செய்முறைத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தபோது பெரியப்பாவின் நினைவு வந்தது. கண் தெரியாதவர்களுக்கு ரூபா நோட்டைப் படம் எடுத்துச் சொல்லும் செயலி செய்யலாம். லீவுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டு மடியிலிருந்து காசை எடுத்தார். "கேளு."

ஒரு நோட்டை இழுத்து ஆட்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையில் நீட்டிப் பிடித்தார். "நூறு." அடுத்தது. "அம்பது." அதற்கடுத்ததை நீட்டுவதற்கு முன்னமே, "ஆயிரம், இது நேத்து மடிச்சு வச்சது." 2011-இல் வந்த நோட்டுகள் எல்லாம் 67 மில்லிமீற்றர் அகலம்தான், நீளம் மட்டும் படிப்படியாகக் கூடும். 20 ரூபா 128 மில்லிமீற்றர், 50 ரூபா 133, இப்படி ஐந்தைந்தாக ஏறி 5000 ரூபா 153-இல் நிற்கும். தடவிப் பார்க்கப் புடைப்புப் புள்ளிகளும் உண்டு. புழங்கின நோட்டில் புள்ளி தேய்ந்துவிடும், நீளம் தேயாது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஐந்து மில்லிமீற்றர் வித்தியாசத்தை விரல் விரிப்பில் கண்டுபிடிக்கிற மனிதரிடம் செயலி விற்கப் போயிருக்கிறேன்.

"மழையில நனைஞ்சு சுருண்ட நோட்டுத்தான் செரமம்" என்று எனக்காக ஒரு வாய்ப்பை விட்டுத் தந்தார். பாவம் பார்த்திருப்பார்.

சரி, பஸ் போர்டு என்று தலைப்பை மாற்றினேன். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இரண்டு நாள் நின்று படம் எடுத்தேன். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா. மூன்று மொழியிலும் பெயர் இருக்கும். தமிழ் மட்டும் ஒரு போர்டில் இருக்கிற மாதிரி இன்னொன்றில் இருக்காது. ஹட்டன், அட்டன், ஹற்றன் எல்லாம் ஒரே ஊர். எழுத்தை அடையாளம் காண்பது எவ்வளவு தலைவலி என்று அப்போதுதான் தெரிந்தது. பெயின்டர் கையால் எழுதிய தமிழில் துணைக்காலும் 'ர'வும் ஒன்றுபோலவே இருக்கும். 'கொ' என்ற ஒரே எழுத்துக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு, நடுவில் ககரம். பின்துண்டை இயந்திரம் தவறவிட்டால் பொகவந்தலாவை 'பெகவந்தலாவை' ஆகிவிடும். பெயின்டரே அப்படி எழுதிய போர்டும் ஒன்று இருந்தது, அது வேறு விஷயம்.

எப்படியோ பயிற்சி கொடுத்தேன். நான் எடுத்த படங்களில் கிட்டத்தட்ட எல்லாமே சரியாக வந்தது. அப்புறம் போனைப் பெரியப்பா கையில் கொடுத்து, பஸ் ஸ்டாண்டில் நாற்பது படம் எடுக்கச் சொன்னேன். அதில் போர்டு கொஞ்சமாவது விழுந்தது பதினொன்றில். மற்றதெல்லாம் கடைக் கூரை, யாருடையதோ முதுகு, வானம், அவருடைய பெருவிரல்.

ஏன் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். கவனமில்லாமல் எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நிதானமாகத் திரும்பி, நெஞ்சு உயரத்தில் போனைப் பிடித்து, எஞ்சின் சத்தம் வருகிற இடத்துக்கு நேரே நீட்டினார். நம்மூர் பஸ்ஸில் எஞ்சின் முன்னால், கீழே. போர்டு கண்ணாடிக்கு மேலே. சத்தத்தை அவர் துல்லியமாகக் குறி வைத்தார். படத்தில் ரேடியேட்டரும் நம்பர் பிளேட்டும் அழகாக விழுந்தன. பிழை அவருடையது இல்லை. கெமராவைப் பிடிக்கிறவருக்குக் கண் தெரியும் என்று முடிவு பண்ணிக்கொண்டு நான் செய்த செயலியின் பிழை.

அந்தப் படங்களை மேற்பார்வையாளரிடம் காட்டியபோது "தரமில்லாத படங்களை நீக்கிவிடுங்கள்" என்றார். நீக்கினேன். அறிக்கையில் நல்ல சதவீதம் வந்தது. பெரியப்பா எடுத்த படம் ஒன்றுகூட அதில் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசும்.

பட்டம் வாங்கி வேலைக்குப் போன பிறகுதான், நான் தூக்கிப்போட்ட மாதிரிப் படங்களையே சேர்த்து வைத்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. 2010-இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி பிகாம் குழுவினர் விஸ்விஸ் என்ற ஒன்றைச் செய்தார்கள். கண் தெரியாதவர் படம் எடுத்து வாயால் ஒரு கேள்வி கேட்பார். இணையத்தில் எங்கோ கூலிக்கு உட்கார்ந்திருக்கிற மனிதர் பார்த்துப் பதில் அனுப்புவார். அப்படிச் சேர்ந்தவற்றிலிருந்து, அனுமதி தந்தவர்களுடையதை மட்டும் எடுத்து, டானா குராரி குழுவினர் 2018-இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டார்கள். 31,000-க்கும் மேற்பட்ட கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேரின் பதில்.

அந்தத் தொகுப்பை முதல் தடவை திறந்து பார்த்த இரவு தூக்கம் வரவில்லை. பெரியப்பா எடுத்த படங்கள் அப்படியே இருக்கின்றன! விரல் மறைத்த படம், ஆடிய படம், தலைகீழாகப் பிடித்த டின், பொருள் இல்லாமல் மேசை மட்டும். கேள்விகளும் அப்படித்தான். இந்த டின்னில் என்ன இருக்கிறது, இந்தச் சட்டை என்ன நிறம், இதன் காலாவதித் தேதி என்ன. உலகத்தின் அழகை வர்ணிக்கச் சொல்லி யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. சமையல்கட்டும் அலமாரியும்தான். கால்வாசிக்கும் மேற்பட்ட கேள்விகளுக்குப் படத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது என்று மனிதர்களே குறித்திருக்கிறார்கள். அதை நீக்கவில்லை. 'பதில் சொல்ல முடியாது' என்பதையும் ஒரு பதிலாக இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க வைத்திருக்கிறார்கள். என் மேற்பார்வையாளர் இதைப் பார்த்திருக்க வேண்டும். நானும்தான்.

மற்றப் படத்தொகுப்புகள் எப்படி என்றால், கணினிப் பார்வைக்காரர்கள் எல்லோரும் தொட்டுப் பார்த்த ஒன்று கோகோ. 2014-இல் வந்தது. 80 வகைப் பொருள். வரிக்குதிரை இருக்கிறது, ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது, பனிச்சறுக்குக் கட்டை, ஃபிரிஸ்பீ, ஹொட் டோக் எல்லாம் இருக்கின்றன. கொழுந்துக் கூடை இல்லை, படங்கு இல்லை, அம்மி இல்லை, தேங்காய் திருவலை இல்லை. எங்கள் லயத்துப் பக்கம் (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள்) வரிக்குதிரை வந்தால் பெரியப்பா தப்பித்துவிடுவார்.

பொருள் இருந்தாலும் வீடு மாறினால் தெரியாது. 2019-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் பல நாட்டு வீடுகளில் எடுத்த படங்களைப் பெரிய நிறுவனங்களின் படமறியும் சேவைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நேபாளத்தில் ஒரு வீட்டுச் சவர்க்காரக் கட்டியைப் பார்த்து அவற்றில் ஒன்று சீஸ், பாண், கேக் என்றெல்லாம் சொன்னது. வசதியான வீட்டில் பம்ப் வைத்த போத்தலில் இருக்கிற சவர்க்காரம் பழகிய இயந்திரம் அது. வருமானம் குறையக் குறையப் பிழை கூடியது. எங்கள் காம்பராவில் (லயத்து வீட்டில்) சவர்க்காரம் பீலியடியில், தண்ணீர் விழுகிற இடத்தில், ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் பாதி கரைந்து கிடக்கும். அதைப் பார்த்து அது என்ன சொல்லியிருக்குமோ.

இங்கேதான் என் முறைப்பாடு வருகிறது. தெரியாத பொருளைப் பார்த்தால் இயந்திரம் ஏன் தெரியாது என்று சொல்வதில்லை? தோட்டத்துக் கணக்கில் சொல்கிறேன். செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவில், எண்பது பேர் இருக்கிறார்கள். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்துக்கு யார் வந்து நின்றாலும் அந்த எண்பதில் ஒருவராகத்தான் எழுத வேண்டும் என்று கணக்கப்பிள்ளைக்கு உத்தரவு. புதிதாக ஓர் ஆள் வந்து நின்றால் என்ன செய்வார்? முகச்சாயலில் யார் கிட்ட வருகிறாரோ அவர் பெயரில் பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போட்டுவிடுவார். படத்தை வகை பிரிக்கிற மாதிரிகள் (பயிற்சி கொடுத்த நிரல்கள்) பல இப்படித்தான் கட்டப்பட்டவை. மொத்தம் நூறு மதிப்பெண்ணைத் தனக்குத் தெரிந்த வகைகளுக்குள் பங்கிட்டே ஆக வேண்டும், 'இவற்றில் எதுவும் இல்லை' என்று ஒரு வரி இல்லை. இந்த மாதிரிகளுக்குள் இருக்கிற ஆழமான நரம்பு வலைகள் தங்கள் திறமைக்கு மீறிய நிச்சயத்தோடு பேசுகின்றன என்று 2017-இலேயே ஓர் ஆய்வு அளந்து காட்டியது. பழைய சின்ன வலைகள் அந்த விஷயத்தில் அடக்கமாக இருந்தனவாம்.

பெரியப்பாவின் மாத்திரைக்கு வருகிறேன்.

இரண்டு வருடம் முன்னால், ஆடி மழை. கோயில் பண்டிகைக்குப் போகாமல் நான் லயத்தில் அவரோடு இருந்தேன். பெரியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பெரியப்பாவுக்குக் காய்ச்சல். சாதாரணமாக அவரிடம் ஒரு முறை உண்டு. சீனி மாத்திரை (சர்க்கரை நோய்க்கு) அட்டையில் ரப்பர் பேண்ட், பிரஷர் மாத்திரை டின்னுக்குள், மற்றது பெரியம்மாவின் பொறுப்பு. அந்த மாதம் கிளினிக்கில் மருந்து தீர்ந்துபோய் வெளியே பாமசியில் வாங்கியிருந்தார்கள். அட்டை வேறு கம்பெனி, ரப்பர் பேண்ட் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது இரண்டு மாத்திரை உள்ள ஒரு துண்டு. வெட்டின வெட்டில் மருந்தின் பெயர் போய்விட்டது.

நான் அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் போனை எடுத்தார். படம் எடுத்தால் விவரம் சொல்லும் புதுமாதிரிச் செயலி ஒன்றை நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். பெயர் வேண்டாம். சிக்னல் வருவதற்குக் கதவோரம் போனார். எங்கள் லயத்தில் சிக்னல் கதவோரம்தான். ஊரடங்கு நேரத்தில் பிள்ளைகள் பாடம் படிக்க மலையுச்சிக்கு ஏறிய தோட்டங்களும் இருக்கின்றன, அதைப் பார்க்க நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் அலுமினியத் தாள் பளபளத்தது. போன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, செய்தி வாசிப்பவரின் தமிழில் சொன்னது: இது பாராசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை அட்டை. காய்ச்சலுக்கும் வலிக்கும் பயன்படுகிறது.

நல்லது, அதைத்தானே தேடினார் என்று நான் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தேன். சத்தம் இல்லையே என்று திரும்பிப் பார்த்தால், அவர் ஒரு மாத்திரையைப் பிதுக்கி மூக்கருகில் வைத்திருக்கிறார்.

"இல்ல தம்பி. இது கருவாட்டு வாசம் அடிக்குது. இது சீனி மாத்திரை."

வாங்கி முகர்ந்தேன். மெல்லிய கருவாட்டு வாசம். அந்தச் சீனி மாத்திரையின் மருந்தான மெட்போர்மினுக்கு அப்படி ஒரு வாசம் உண்டு என்று பிறகு தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், அவருக்குத் தினம் இரண்டு வேளை முகர்ந்த பழக்கம். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் வெட்டு விளிம்பில் மிஞ்சியிருந்தது '500' என்ற எண் மட்டும். மெட்போர்மினும் 500, பாராசிட்டமோலும் 500. வெள்ளை மாத்திரை, 500 என்ற எண், காய்ச்சல் மாத்திரையா என்ற கேள்வி. மீதியை அது தானாக நிரப்பிக்கொண்டது. பொய் சொல்லும் எண்ணம் அதற்கு இல்லை. அதிகம் நடக்கக்கூடியது எதுவோ அதைச் சொன்னது.

பெரியப்பா அட்டையை வைத்துவிட்டுக் கேட்டார், "ஒன் போனுக்கு மூக்கு இல்லையா?"

கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

அவருக்கு மூக்கு இருந்தது, தப்பினார். பிரஷர் மாத்திரைக்கு வாசம் இல்லை. கண் தெரியாதவர்கள் கணினி தரும் படவிளக்கத்தை எவ்வளவு நம்புகிறார்கள் என்று 2017-இல் ஓர் ஆய்வு பார்த்தது. நிறையவே நம்புகிறார்கள். விளக்கம் சூழலோடு ஒட்டாமல் இருந்தால்கூட, இயந்திரம் பிழை என்று நினைக்காமல், இரண்டையும் பொருத்தத் தாங்களே இடையில் ஒரு கதை கட்டிக்கொள்கிறார்கள். இது கண் தெரியாதவர்களின் குறை இல்லை. வழி கேட்டால் அழுத்தம் திருத்தமாகச் சொல்கிறவனை நாமும் நம்பித்தானே போகிறோம்.

அந்த இரவுக்குப் பிறகு நான் படித்ததில் என்னை உலுக்கியது 2022-இல் வந்த ஒரு கட்டுரை. படத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் மாதிரிகள் பரீட்சையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வாங்குகின்றன. சரி, இப்போது விதியை மாற்றுவோம், நிச்சயமில்லை என்றால் பேசாமல் இருக்கலாம், ஆனால் பேசினால் நூற்றில் ஒன்றுக்கு மேல் பிழை வரக்கூடாது என்று வைத்துப் பார்த்தார்கள். அந்த மாதிரிகளின் சொந்த நிச்சய மதிப்பை நம்பினால், நூறு கேள்வியில் எட்டுக்கும் குறைவாகத்தான் வாய் திறக்க முடிந்தது. எப்போது பேசாமல் இருப்பது என்பதைத் தனியாகப் பயிற்றுவித்த பிறகு பதினைந்து சொச்சத்துக்கு ஏறியது. எழுபது வாங்குகிற கெட்டிக்காரன், மருந்து விஷயம் என்று வந்தால் எட்டு. நான் இந்த எண்ணைப் பரீட்சை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சடிக்க வேண்டும் என்பேன். பெரும்பாலான விளம்பரங்களில் எழுபதுதான் பெரிய எழுத்தில் இருக்கும்.

இதற்காக இந்தத் துறையே வீண் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நன்றி கெட்டவன் ஆவேன். 1976-இல் ரே கர்ஸ்வெயில் செய்த வாசிப்பு இயந்திரம் ஒரு மேசையை அடைத்துக்கொண்டு நின்றது. இன்றைக்குப் பெரியப்பா அந்த வேலையைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். கரண்ட் பில்லில் எவ்வளவு என்று அதுதான் வாசித்துச் சொல்கிறது. அச்சடித்த எழுத்தில் அது கெட்டிக்காரன். கலர் சோர்ட்டர் மாதிரி, கேள்வி குறுகலாக இருந்தால் நன்றாக வேலை செய்கிறது. 2017-இல் வந்த மைக்ரோசொஃப்டின் சீயிங் ஏஐ செயலியை முன்னின்று செய்த சாகிப் ஷேக் ஏழு வயதில் பார்வை இழந்தவர். அதில் ஒரே செயலிக்குள் எழுத்து, பொருளின் பட்டைக்கோடு, காசு, ஆள் என்று வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இப்போது என்ன கேட்கப் போகிறேன் என்று கேட்கிறவரே முதலில் சொல்லிவிடுகிறார். இதில் பாதிச் சிக்கல் தீர்ந்தது என்று எனக்குத் தோன்றும்.

வேறு சில வசதிகள் எங்களுக்கு எட்டாது. எதிரில் கதவு எத்தனை அடியில் இருக்கிறது என்று லேசரால் அளந்து சொல்லும் போன்கள் இருக்கின்றன. 2024-இல் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அந்தப் போனுக்கு எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் கணக்கு முடியாது. அதோடு எங்கள் லயத்து வாசலில் கதவுக்கு முன்னால் படி, படிக்குப் பக்கத்தில் கான், கானுக்கு மேல் ஒரு பலகை, பலகையில் பாசி. கதவு எங்கே என்று பெரியப்பாவுக்குத் தெரியும். பாசியைச் சொல்கிற செயலி வந்தால் வாங்கலாம்.

மனித உதவியும் இருக்கிறது. டென்மார்க்கில் ஹான்ஸ் யோர்கன் வீபெர்க் என்ற பார்வைக் குறைபாடுள்ளவர் தொடங்கிய பீ மை ஐஸ் 2015-இல் வந்தது. வீடியோ அழைப்பில் யாரோ ஒரு தன்னார்வலர் உங்கள் கெமரா வழியாகப் பார்த்துச் சொல்வார். மனிதர், ஆகவே 'தெரியல, கொஞ்சம் திருப்புங்க' என்று சொல்வார். 2023-இல் அவர்களும் ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியை வைத்து இயந்திரப் பதிலையும் சேர்த்தார்கள். பெரியப்பாவிடம் மனிதரே பேசுவார் என்று நான் சொன்னபோது அவர் முகம் மாறியது.

"தெரியாத ஆளுக்கு நம்ம காம்பராவக் காட்டுறதா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. கொடியில் தொங்கும் உள்பாவாடை, புகை படிந்த சுவர், மூலையில் மடித்த பாய். கண் தெரியாதவர் தன் பின்னால் என்ன தெரிகிறது என்று தெரியாமல் கெமராவைத் திறக்கிறார். அந்தக் கூச்சத்துக்கு எந்தத் தொகுப்பிலும் ஒரு வகை இருக்காது. இயந்திரமே பரவாயில்லை, அது லயத்தில் போய்ச் சொல்லாது என்றார். அது எங்கே போய்ச் சொல்லும் என்பதை நான் அவருக்கு விளக்கவில்லை. விளக்கியிருக்க வேண்டும்.

பஸ் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். ஹட்டன் ஸ்டாண்டில் கண் தெரியாதவருக்குப் போர்டு தேவையே இல்லை. கண்டக்டர் "மஸ்கெலியா மஸ்கெலியா மஸ்கெலியா" என்று தொண்டை கிழியக் கத்துவார். பக்கத்தில் நிற்கிறவர் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார். நான் இரண்டு நாள் மழையில் நின்று எடுத்த படங்கள், ஒரு கண்டக்டரின் தொண்டை ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலை. போய்ப் பெரியப்பாவிடம் முதலிலேயே உங்களுக்கு எது கஷ்டம் என்று கேட்டிருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும். கேட்டபோது அவர் சொன்ன பட்டியல் சின்னது. எந்த மாத்திரை எது. குடையில் எது என்னுடையது. மின்சாரம் போய் வந்த பிறகு பல்ப் எரிகிறதா. வருகிற பிள்ளை சிரிக்கிறதா.

குடைக்கு வழி இருக்கிறது. 2021-இல் ஓர்பிட் என்று ஒரு தொகுப்பு வந்தது. கண் தெரியாதவர்கள் தங்கள் சொந்தப் பொருட்களைத் தங்கள் போனிலேயே எடுத்த வீடியோக்கள், 486 பொருள், 3,822 வீடியோ. உலகத்துக் குடையெல்லாம் வேண்டாம், என் குடையை நாலைந்து தடவை காட்டுகிறேன், அதை மட்டும் கண்டுபிடி என்று இயந்திரத்துக்குக் கற்பிக்கிற ஆய்வுக்காக. செக்ரோலைத் துரை (தோட்ட மேலாளர்) எழுதுவதில்லை, பெரியப்பாவே எழுதுகிறார். இது எனக்குப் பிடித்த பாதை. வார இறுதிகளில் இதை வைத்துத்தான் ஒரு சின்னச் செயலியை நோண்டிக்கொண்டிருக்கிறேன். போனுக்குள்ளேயே ஓட வேண்டும், கதவோரம் போகத் தேவைப்படக்கூடாது. அவருடைய குடை, தடி, பெரியம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு, மூன்று மாத்திரை டப்பாக்கள். மாத்திரை அட்டை மாதம் மாதம் மாறுவதால் அட்டையை விட்டுவிட்டேன். டப்பா மாறாது, அட்டையை எந்த டப்பாவுக்குள் போடுவது என்பது பெரியம்மாவின் வேலை.

பொருள் பட்டியலைவிட நான் அதிக நேரம் செலவழித்தது ஒரே ஒரு வரியில். நிச்சயம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அது பெயர் சொல்லக்கூடாது. "தெரியல" என்று மட்டும் சொன்னால் அவருக்குக் கோபம் வரும் என்று, ஏன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தேன். வெளிச்சம் பத்தல. கிட்டப் போயிட்டீங்க. விரல் மறைக்குது. குரல் என்னுடையதுதான், போனில் பதிந்து கொடுத்தேன். அளவை எங்கே வைப்பது என்று தெரியாமல் திருகிக்கொண்டே இருந்தேன். கூட்டினால் வாயே திறக்காது, குறைத்தால் தடியைக் குடை என்று சொல்லும்.

போன மாதம் போயிருந்தபோது அவர் அதைப் பாவிக்கிற விதத்தைப் பார்த்தேன். நேராகக் கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. முதலில் தடியைக் காட்டுகிறார், அது தன் கையில்தான் இருக்கிறது என்று தெரிந்தும். "தடி" என்றால்தான் அடுத்தது. ஸ்டோரில் புது ஆள் வந்தால் முதலில் தெரிந்த வேலையைக் கொடுத்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. அன்றைக்குச் சாயங்காலம் மூடுபனி வாசல் வரை வந்திருந்தது. காம்பராவுக்குள் பல்ப் இன்னும் போடவில்லை. தடியைக் காட்டினார்.

"தெரியல. வெளிச்சம் பத்தல" என்றது என் குரல்.

"இன்னைக்கு ஒழுங்கா இருக்கு" என்று போனை வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை முகர்ந்து பார்த்து வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் பெரியம்மாவைப் பார்த்து, பல்ப்பைப் போடச் சொன்னார்.